ஆறாம் நாள் தலை எண்ணிக்கை

ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆறாவது வேலைநாள் நெருங்கினால் கேரளத்துத் தலைமையாசிரியர்களுக்குத் தூக்கம் வராது. அன்றைக்குப் பதிவேட்டில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ அதை வைத்துத்தான் அந்த ஆண்டுக்கு எத்தனை வகுப்புப் பிரிவு, எத்தனை ஆசிரியர் என்று அரசு முடிவு செய்யும். அலுவலக மொழியில் இது ‘ஸ்டாஃப் ஃபிக்சேஷன்’. ஆசிரியர் அறையில் கேட்கும் கேள்வி இன்னும் எளிது: டிவிஷன் நிற்குமா, போகுமா? இரண்டு மூன்று பிள்ளைகள் குறைந்து ஒரு டிவிஷன் போனால் அதோடு ஓர் ஆசிரியரின் இடமும் போகும். கொச்சியின் மட்டாஞ்சேரிப் பக்கம் கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் வீடு வீடாக ஏறி இறங்குவது இதற்காகத்தான். நம் ஊரில் பிள்ளை பிடிக்கிறவன் வருகிறான் என்றால் குழந்தைகள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். இங்கே பிள்ளை பிடிக்க வருகிறவர் கையில் குடையும் சேர்க்கை விண்ணப்பமும் இருக்கும்.

‘ஒரு மாணவருக்கு அரசு எவ்வளவு செலவழிக்கிறது’ என்ற எண் பிறப்பதும் இந்த எண்ணிக்கையில்தான். மேலே சம்பளம், கீழே தலை. வகுத்தால் வருவது தலைக்கான செலவு. பிள்ளைகள் குறைந்தால், கருவூலம் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தராவிட்டாலும் அந்த எண் ஏறிவிடும். கேரளத்தின் குழந்தைப் பிறப்பு, மக்கள்தொகையை அதே அளவில் நிறுத்திவைக்கத் தேவையான விகிதத்துக்குக் கீழே இறங்கிப் பல காலம் ஆகிறது. பிள்ளைகள் குறைந்துபோன பள்ளியை இங்கே ‘அன்எக்கனாமிக்’ பள்ளி என்பார்கள். அப்படிப்பட்ட பள்ளியில் தலைக்கான செலவு மிக அதிகம். கரும்பலகையில் எழுதுவதோ பழைய பாடம்தான். பணம் கூடினால் படிப்பு கூடுமா என்ற கேள்விக்கு இந்த ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு விடை தேடுகிறவர் வழுக்கி விழுவார். அமெரிக்கர்கள் அறுபது ஆண்டுகளாக இந்த வழுக்குப் பாறையில் நின்றுதான் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டையை முதலில் பார்த்துவிட்டுக் கொச்சிக்குத் திரும்பலாம்.

1964-ன் குடிமை உரிமைகள் சட்டம் கேட்டபடி, சமூகவியலர் ஜேம்ஸ் கோல்மன் ஏறத்தாழ 4,000 பள்ளிகளிலும் 6 லட்சம் மாணவர்களிடமும் ஆய்வு நடத்தி 1966-ல் அறிக்கை தந்தார். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளில் கட்டடமும் புத்தகமும் மோசம், அதனால்தான் மதிப்பெண் குறைவு என்று வரும் என எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அறிக்கை வேறு மாதிரி சொன்னது. பள்ளியின் வசதிகளைவிடப் பிள்ளையின் வீடும், உடன் படிக்கும் பிள்ளைகளின் வீடும்தான் மதிப்பெண்ணோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தன. இருபது ஆண்டு கழித்துப் பொருளியலர் எரிக் ஹனுஷெக் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டினார். தலைக்கான செலவைப் பார்த்த 65 கணக்கீடுகளில் 13 மட்டுமே, செலவு கூடினால் மதிப்பெண் கூடுகிறது என்று உறுதியாகச் சொல்லின. ‘பணத்தை அள்ளி வீசிப் பயனில்லை’ என்ற வாதத்துக்கு அரசியல் மேடைகளில் கிடைத்த ஆயுதம் இது.

ஆயுதத்துக்குக் கூர் தீட்ட ஒரு கதையும் கிடைத்தது. மிசௌரி மாநிலத்தின் கன்சாஸ் நகரில், இனப் பாகுபாட்டின் விளைவைச் சரிசெய்யச் சொல்லி 1985 முதல் நீதிபதி ரசல் கிளார்க் உத்தரவுகள் போட்டார். ஏறக்குறைய 200 கோடி டாலர் கொட்டப்பட்டது. புதிய பள்ளிகள், ஒலிம்பிக் அளவில் நீச்சல் குளம், கோளரங்கம், மொழிபெயர்ப்பு வசதியோடு ஒரு மாதிரி ஐ.நா. அரங்கம் எல்லாம் எழுந்தன. மதிப்பெண் அசையவில்லை. 1995-ல் உச்ச நீதிமன்றம் கிளார்க்கின் கையைக் கட்டியது. நாடு முழுவதற்குமான எண்ணும் இதையே சொல்வதுபோல் இருந்தது. தேசிய மதிப்பீட்டில் 17 வயது மாணவர்களின் வாசிப்பு மதிப்பெண் 1971-ல் 285, 2012-ல் 287. இடைப்பட்ட காலத்தில், விலைவாசியைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், தலைக்கான செலவு இரு மடங்குக்கு மேல் ஆகியிருந்தது.

முடிந்துபோன வழக்கு என்று தோன்றும். இதில் ஓர் ஓட்டை உண்டு. மருந்து அதிகம் சாப்பிடுகிறவர் யார்? அதிகம் நோய்ப்பட்டவர். அதனால் மருந்துதான் நோயைத் தருகிறது என்று யாரும் சொல்வதில்லை. ஏழைப் பிள்ளைகள் திணறும் ஊருக்குக் கூடுதல் மானியம் போகும். அந்த ஊரின் மதிப்பெண் குறைவாகவே இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பணத்துக்குப் பலன் இல்லை என்றுதான் தெரியும். கூடிய செலவின் ஒரு பங்கு எங்கே போயிற்று என்பதையும் யாரும் நிதானமாகப் பார்க்கவில்லை. 1975-ல் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் கல்வி சட்டப்படி உரிமையானது. அதுவரை பள்ளி வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட குழந்தைகளுக்காகச் செலவான தொகை அது. அதை 17 வயது வாசிப்பு மதிப்பெண்ணில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

ஓட்டையை அடைக்க ஒரு வழி வந்தது. சில மாநிலங்களில் நீதிமன்றம் தலையிட்டதால் திடீரெனப் பள்ளி நிதி கூடியது. ஊரின் தேவையோ பெற்றோரின் வசதியோ இந்தக் கூடுதலைத் தீர்மானிக்கவில்லை. தீர்ப்பு வந்த தேதிதான் தீர்மானித்தது. தீர்ப்புக்கு முன் படித்து முடித்தவர்களையும் பின் படித்தவர்களையும் ஜாக்சன், ஜான்சன், பெர்சிகோ மூவரும் நடுவயது வரை பின்தொடர்ந்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பு முழுக்கச் செலவு 10 சதவீதம் கூடினால், பின்னாளில் ஊதியம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. வறுமையில் விழும் வாய்ப்பு குறைகிறது. ஏழை வீட்டுப் பிள்ளைகளிடம் பலன் இன்னும் அதிகம். ஹனுஷெக் இன்னமும் விட்டுக்கொடுக்கவில்லை. எப்படிச் செலவழிக்கிறோம் என்பதுதான் கேள்வி என்கிறார். அது சரி. ஆனால் ‘பணத்தால் ஆவது ஒன்றுமில்லை’ என்ற பழைய முழக்கம் அவர் பக்கத்திலேயே இப்போது அவ்வளவாகக் கேட்பதில்லை என்பது என் கணிப்பு.

மட்டாஞ்சேரிக்குத் திரும்பும் முன் இன்னும் ஒன்று. அமெரிக்காவின் தகராறில் பாதி, பள்ளிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. அங்கே பெரும் பங்கு உள்ளூர்ச் சொத்து வரி. வீட்டு விலை உயர்ந்த பேட்டையில் பள்ளியும் உயரும். டெக்சாஸில் சான் அன்டோனியோ நகரின் எட்ஜ்வுட் பகுதியில் தலைக்கு 356 டாலரும், அதே நகரத்துப் பணக்காரப் பகுதியான அலாமோ ஹைட்ஸில் 594 டாலரும் செலவானது. எட்ஜ்வுட் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1973-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்களைத் திருப்பி அனுப்பியது; கல்வி அரசியல் சட்டம் தரும் அடிப்படை உரிமை அல்ல என்றது.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மூட்டை தூக்குகிறவரிடம் இந்த வழக்கைச் சொன்னால் அவருக்கு விளங்காது. அவர் மகள் படிக்கும் பள்ளியின் ஆசிரியருக்கும், எறணாகுளத்தில் அடுக்குமாடிகளுக்கு நடுவே நிற்கும் அரசுப் பள்ளி ஆசிரியருக்கும் ஒரே சம்பள விகிதம், ஒரே கருவூலம். அமெரிக்க நீதிமன்றங்களில் இன்றும் தீராத ஒரு விஷயத்தைக் கேரளம் எப்போதோ தீர்த்துவிட்டது.

தீர்த்த கதை நீளமானது. 1817-ல் திருவிதாங்கூரின் ராணி கௌரி பார்வதி பாயி, கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று அரசாணை விட்டார். பக்கத்துக் கொச்சி சமஸ்தானத்தில் அடுத்த ஆண்டே, டாசன் என்ற பாதிரியார் அரசின் உதவியோடு ஓர் ஆங்கிலப் பள்ளி தொடங்கினார். இடம், இதே மட்டாஞ்சேரி. பின்னால் சமூகங்கள் போட்டி போட்டுக்கொண்டு பள்ளி கட்டின. ஒரு நடை நடந்தாலே இதைப் பார்க்கலாம்: குஜராத்திகளின் வித்யாலயா, கொங்கணிகளின் திருமலை தேவஸ்வம் பள்ளி, கச்சி மேமன்களின் ஹாஜி ஈஸா ஹாஜி மூஸா நினைவுப் பள்ளி. சற்றுத் தள்ளி ஃபோர்ட் கொச்சியில் கத்தோலிக்கப் பள்ளிகள். அங்கே ‘வெளி’ என்ற பகுதியில் எட்வர்ட் மன்னர் பெயரில் ஓர் அரசுப் பள்ளி. அதே வெளியில்தான் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார்களின் டோபி கானாவும் இருக்கிறது. எத்தனை கடவுள்களோ, எத்தனை மொழிகளோ, அத்தனை பள்ளிகள்.

இவற்றை ஒரே கருவூலத்தில் கட்டிப்போட்டது 1957-ல் இ.எம்.எஸ். அமைச்சரவையின் கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா. தனியார் நடத்தும் உதவி பெறும் பள்ளி ஆசிரியரின் சம்பளத்தை மேனேஜர் கையில் தராமல் அரசே நேரடியாகக் கொடுக்கும். பதிலுக்கு நியமனத்தில் அரசுக்கும் கட்டுப்பாடு இருக்கும். மசோதா குடியரசுத் தலைவர் வழியாக உச்ச நீதிமன்றம் போனது. 1958-ல் நீதிமன்றம் சில பிரிவுகளில் குறை கண்டது. 1959-ல் அரசை எதிர்த்து ‘விமோசன சமரம்’ (விடுதலைப் போராட்டம்) வெடித்தது. ஜூலை 31 அன்று அமைச்சரவை கலைக்கப்பட்டது. பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகம் ஓர் அரசையே கவிழ்த்த கதை உலகில் வேறெங்கும் நடந்திருக்குமா, எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் நடைமுறைக்கு வந்தது ஒரு சமரசம். சம்பளம் அரசினுடையது, நியமனம் மேனேஜருடையது. சில மேனேஜ்மென்டுகளில் ஆசிரியர் வேலைக்கு ஒரு தொகை கைமாறுவது ஊரறிந்த ரகசியம். மலையாளத்தில் அதற்குக் ‘கோழ’ என்று பெயர். இன்றும் கேரளத்தில் உதவி பெறும் பள்ளிகள் அரசுப் பள்ளிகளைவிட எண்ணிக்கையில் அதிகம். ஆறாம் நாள் தலை எண்ணிக்கைக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்பதும் இங்கே விளங்கும். ஒரு டிவிஷன் போவது ஒரு குடும்பத்தின் முதலீடு போவதாகவும் இருக்கலாம்.

ஆனாலும் அந்தச் சமரசம் வேலை செய்தது. குறைத்துச் சொல்லக் கூடாது. நடக்கும் தொலைவில் பள்ளி, மாதம் தவறாமல் சம்பளம் வாங்கும் ஆசிரியர், மத்தியானம் உச்சக்கஞ்சி. 1951-ல் கேரளத்தின் எழுத்தறிவு 47 சதவீதம், இந்தியாவில் 18. 2011-ல் கேரளம் 94-ஐத் தொட்டது. தமிழ்நாடு 80. இது பணம் வாங்கித் தந்த படிப்புதான். ஏழை மாநிலமாக இருந்தபோதே தன் வரவுக்கு மீறிக் கல்விக்குச் செலவழித்த மாநிலம் கேரளம். இப்படி எத்தனை காலம் தாங்கும் என்று கொச்சிப் பொருளியலர் கே.கே. ஜார்ஜ் 1993-ல் ஒரு நூலே எழுதினார்.

பணம் எட்டாத இடமும் இருந்தது. கொச்சிக் காயலில் முளவுகாடு தீவில் 1912-ல் பிறந்த தாட்சாயணி வேலாயுதன், இந்தியாவில் பட்டம் பெற்ற முதல் தலித் பெண். பின்னாளில் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். எறணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் படித்தார். சோதனைச்சாலையில் அவரைப் பக்கத்தில் சேர்க்கவில்லை, தூரத்தில் நின்று பார்த்துப் பார்த்தே செய்முறையைக் கற்றார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கணக்குப் புத்தகத்தில் அவரும் மற்ற மாணவர்களைப் போல் ஒரு தலைதான். அவர்மேல் செலவான தொகைக்கும் அவர் கண்ணுக்கு எட்டிய பாடத்துக்கும் நடுவே இருந்த சில அடி தூரத்தை எந்த ஆய்வாளர் எந்த அலகில் அளப்பார்?

பணம் அதிகம் இல்லாமல் நடந்த அதிசயமும் இதே மாவட்டத்தில்தான். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் மாவட்ட நிர்வாகமும் ஆயிரக்கணக்கான தொண்டர்களைத் திரட்டி, மீன்பிடித் துறைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் முதியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். 1990 பிப்ரவரி 4 அன்று எறணாகுளம் இந்தியாவின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் ஆனது.

அடுத்த பெரிய செலவு 2017-ல் வந்தது. பிள்ளைகள் ஆங்கிலவழித் தனியார் பள்ளிகளுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். ஜனவரியில் ‘பொதுக் கல்விப் பாதுகாப்பு யக்ஞம்’ தொடங்கியது. கிஃப்பி என்ற நிறுவனம் கடன் வாங்கித் தந்த பணத்தில் பள்ளிகளுக்கு 5 கோடி, 3 கோடி, 1 கோடி என்று ஒதுக்கிப் புதுக் கட்டடங்கள் எழுந்தன. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் வந்தன. ஓடு வேய்ந்து மழைக்கு ஒழுகிய பள்ளிக்கூடங்களைப் பார்த்தவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். கன்சாஸ் நகரின் நீச்சல் குளத்தோடு இதை ஒப்பிடுவது நியாயம் ஆகாது. ஒழுகாத கூரை ஆடம்பரம் இல்லை.

ஆனால் பிள்ளைகள் திரும்பி வந்ததும் படித்ததும் ஒன்றா? எஸ்.எஸ்.எல்.சி. முடிவைப் பார்த்தால் கேள்வியே எழாது. 2024-ல் தேர்ச்சி 99.69 சதவீதம், எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கியவர்கள் 71,831 பேர். எல்லாரும் தேறும் தேர்வில் பணத்தின் பலனை எதைக் கொண்டு அளப்பது? 2023-ன் கடைசியில் பொதுக் கல்வி இயக்குநர் ஓர் உள்கூட்டத்தில் பேசிய ஒலிப்பதிவு வெளியே கசிந்தது. தன் பெயரைப் பிழையில்லாமல் எழுதத் தெரியாத பிள்ளைக்கும் ஏ பிளஸ் கிடைக்கிறது என்பது அவர் ஆதங்கம். அது அரசின் கருத்து இல்லை என்றார் அமைச்சர். ஆனால் மறு கல்வியாண்டிலேயே எட்டாம் வகுப்பில், எழுத்துத் தேர்வில் பாடத்துக்குக் குறைந்தது 30 சதவீதம் வேண்டும் என்ற விதி வந்தது. இது ஏழைப் பிள்ளைகளைத்தான் தண்டிக்கும் என்று பரிஷத் எதிர்த்தது. பிள்ளையைத் தோல்வியாக்குவது மலிவான சீர்திருத்தம் என்ற அளவில் பரிஷத்தோடு எனக்கு உடன்பாடு உண்டு. அதற்காகத் தேர்வு உண்மையை மறைக்கலாம் என்று ஆகாது.

தேர்வை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பிள்ளையிடம் ஒரு பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லும் கணக்கெடுப்பு ஏசர். அதில் 2018-ல் கேரளக் கிராமங்களின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 52.1 சதவீதம் பேர் இரண்டாம் வகுப்புப் பத்தியைப் படித்தார்கள். பெருந்தொற்றுக்குப் பின், 2022-ல் அது 38.7. இந்திய அளவில் 27.3-லிருந்து 20.5-க்கு இறங்கியது. நம் தமிழ்நாட்டில் 10.2, பிறகு 4.8. மட்டாஞ்சேரி நகரம் என்பதால் இந்தக் கணக்கில் வராது. ஆனாலும் இந்தியாவின் தலைசிறந்த மாநிலத்தில், பெருந்தொற்றுக்கு முன்பேகூட, ஏறக்குறையப் பாதிப் பிள்ளைகள் திணறினார்கள் என்பது எந்தக் கட்டடத் திறப்பு விழாவிலும் சொல்லப்படாத செய்தி. நிதி ஆயோக் 2019-ல் வெளியிட்ட பள்ளித் தரக் குறியீட்டில் பெரிய மாநிலங்களில் கேரளம் முதலிடம், தமிழ்நாடு இரண்டாமிடம். அதே தமிழ்நாடு 2009-ன் பன்னாட்டு பிசா தேர்வில் கலந்துகொண்டு பட்டியலின் அடிமட்டத்தில் நின்றது. நாம் பெருமைப்படுவதா, தலைகுனிவதா என்பது எந்த அளவுகோலைக் கையில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

அரசின் கணக்கில் ஏறாத இன்னொரு செலவு இருக்கிறது. மாலை ஐந்து மணிக்குப் பள்ளிச் சீருடை மாறாமலே டியூஷனுக்குப் போகும் பிள்ளைகளைக் கொச்சியின் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். 2025-ல் மத்திய அரசு எடுத்த கணக்கெடுப்பின்படி நாட்டில் 27 சதவீத மாணவர்கள் டியூஷன் போகிறார்கள். இதன் பொருளை ஆந்திரத்தில் நடந்த ஓர் ஆய்வு நன்றாகக் காட்டியது. பள்ளிகளுக்கு நோட்டு, பென்சில், பாடப் பொருள் வாங்க மானியம் கொடுத்தார்கள். முதல் ஆண்டு யாரும் எதிர்பார்க்காத பணம், மதிப்பெண் ஏறியது. இரண்டாம் ஆண்டு பெற்றோருக்குத் தெரிந்துவிட்டது. தங்கள் கைச்செலவைக் குறைத்துக்கொண்டார்கள். மதிப்பெண் ஏற்றம் நின்றது. பணம் வீணாகவில்லை, ஏழைப் பெற்றோர் பையில் மிஞ்சியது. அதைக் கல்விச் செலவின் தோல்வி என்பதா? அதே தர்க்கத்தைத் திருப்பிப் பார்த்தால் கேரளத்தின் நல்ல மதிப்பெண்ணில் எவ்வளவு கருவூலத்தினுடையது, எவ்வளவு டியூஷன் கட்டணத்தினுடையது என்று பிரிக்கவே முடியாது. மகாராஷ்டிரத்தோடோ மிசௌரியோடோ ஒப்பிடும்போது இதை மறந்துவிடுகிறோம்.

சம்பளத்தை உயர்த்தினால் படிப்பு உயருமா என்பதற்கு இந்தோனேசியா விடை தந்திருக்கிறது. அங்கே சான்றிதழ் பெற்ற ஆசிரியரின் அடிப்படை ஊதியத்தை இரு மடங்காக்கினார்கள். ஆசிரியர்கள் மகிழ்ந்தார்கள், கடன் குறைந்தது. மாணவரின் கற்றலில் மாற்றம் இல்லை. ஏற்கெனவே நல்ல சம்பளம் தரும் கேரளம் அந்த வழியில் இனி எதிர்பார்க்க அதிகம் இல்லை. மறுபக்கம், சிறு செலவில் பெரும் பலன் கிடைத்த இடங்கள் எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம் தெரிகிறது: பிள்ளை நிற்கும் படியைக் கண்டுபிடித்து, அந்தப் படியிலிருந்து சொல்லிக்கொடுக்க ஓர் ஆள். வதோதராவிலும் மும்பையிலும் பின்தங்கிய பிள்ளைகளோடு உட்கார்ந்த ‘பால்சகி’ பெண்கள் அப்படி. 2021 அக்டோபரில் தமிழ்நாடு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியும் அப்படி. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருப் பெண்கள். பெருந்தொற்றுக்குப் பின் பள்ளி திறந்த ஆறே மாதங்களில் பிள்ளைகள் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டார்கள் என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழக் கால்பங்கு இந்த வகுப்புகளால் வந்தது என்றும் ஓர் ஆய்வு காட்டியது. 4.8 சதவீதத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்ட நமக்கு இதையும் சொல்லிக்கொள்ள உரிமை உண்டு.

எறணாகுளத்துக்கும் அப்படி ஒன்று வாய்த்தது. பெரும்பாவூர் பிளைவுட் ஆலைகளுக்கும் கொச்சியின் கட்டட வேலைகளுக்கும் வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் மலையாளம் புரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். 2017-ல் பினானிபுரம் அரசு உயர்நிலைப் பள்ளி போன்ற சில இடங்களில் ‘ரோஷ்ணி’ என்ற திட்டம் தொடங்கியது. பிள்ளையின் தாய்மொழியும் மலையாளமும் தெரிந்த ஒரு தன்னார்வலர், பள்ளி மணி அடிப்பதற்கு முன் அவர்களோடு உட்கார்ந்து இரு மொழியிலும் மாறிமாறிப் பேசிப் பாடத்துக்குள் இழுத்துவருவார். செலவு என்று பார்த்தால் ஓர் ஊக்கத்தொகையும் காலைச் சிற்றுண்டியும்தான்.

இந்தப் பிள்ளைகள்தான் இன்று பல பள்ளிகளின் டிவிஷனைத் தாங்கி நிற்கிறார்கள். உள்ளூர்ப் பிள்ளை தனியார் பள்ளிப் பேருந்தில் ஏறிப்போக, ஆறாம் நாள் பட்டியலை நிறைப்பது வங்காளத்து முர்ஷிதாபாத்திலிருந்து வந்த பெயர்கள். அதற்கும் ஆதார் எண் வேண்டும். எண் இல்லாத தலை ஃபிக்சேஷனில் ஏறாது. ஆகவே ஜூன் முதல் வாரத்தில் அந்தப் பிள்ளையை அரசின் அக்ஷயா சேவை மையத்துக்கு அழைத்துப்போய்க் கைரேகை வைக்க ஆசிரியர்களே முன்வருவார்கள். ஆறாம் நாள் எண்ணிக்கை முடிந்து, டிவிஷன் நின்று, சம்பளப் பட்டியலும் ஒப்புதல் பெற்றுவிடும். ஏழாம் நாள் காலையில், கைரேகை வைத்த அந்தப் பெண் குழந்தை மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்து, பலகையில் இருப்பது ‘அ’வா ‘ஆ’வா என்று பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.